ஏழாவது வார்டின் மாற்று வேட்பாளர்

ஜனவரி 27, வியாழன்

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள். எங்கள் காரைவலசுப் பேரூராட்சியில் இந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கீடு. ஏழாவது வார்டும் பெண்களுக்கு. ஏழாவது வார்டு என்றால் நான் குடியிருக்கிற வார்டு.

செய்தி வந்த அரை மணி நேரத்தில் செல்போன் சூடாகிவிட்டது. பக்கத்து ஊர் மகளிரணிக்காரிகள் எல்லாருக்கும் ஒரே பாட்டு: "இந்த வாட்டி நீங்கதானுங் சிந்தாமணியக்கா." அப்படியெல்லாம் பேசக்கூடாது, கட்சி முடிவு செய்யும் என்று ஒவ்வொருத்தியையும் அதட்டி வைத்தேன். அதட்டும்போது சிரிப்பு வந்தது.

பத்தொன்பது வருடமாக நான் இந்த ஊர் மகளிரணி அமைப்பாளர். பின்னால் யாராவது இந்த டைரியை எடுத்துப் பார்த்தால் தெரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். கூட்டம் என்றால் எத்தனை வேன் வேண்டும், யாருக்கு ஜன்னலோரம் கொடுக்காவிட்டால் வாந்தி வரும், யார் மாமியாரிடம் நான் நேரில் போய்க் கேட்டால்தான் மருமகளை அனுப்புவாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். மேடையில் உட்கார்ந்தது மட்டும் கிடையாது. கீழே நின்று தலையை எண்ணுகிறவள் மேலே போய் உட்கார்ந்தால் யார் எண்ணுவது?

எனக்கு ஒன்றும் ஆசை இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆசையில்லாட்டி எதுக்கு அந்தப் பட்டுச்சீலைய எடுத்து வெயில்ல போட்டிருக்கற?" என்று கேட்டார். பூச்சி அரித்துவிடக்கூடாது என்றுதான் போட்டேன்.

ஜனவரி 29, சனி

செயலாளர் வீட்டுக்கு வரச் சொன்னார். நாச்சிமுத்து அவர்கள்தான் எங்கள் ஊர்க் கட்சிச் செயலாளர். அவருடைய தறிப்பட்டறையில்தான் என் வீட்டுக்காரர் பழனியப்பன் மேஸ்திரியாக இருக்கிறார். நாங்கள் குடியிருப்பதும் அவர் கட்டிவிட்ட லைன் வீடுதான்.

உட்காரச் சொல்லி, காபி கொடுக்கச் சொல்லி, அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். ஏழாவது வார்டில் அவருடைய மருமகள் ஹரிப்பிரியா நிற்கப் போகிறாள். ஜெயித்தால் தலைவரும் அவள்தான். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பெண். நான்கு நாளாக இங்கே வந்து தங்கியிருக்கிறாள்.

"படிச்ச புள்ளைங்க. ஆனா ஊரு தெரியாது. நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கோணும் சிந்தாமணி. நீங்க இல்லாட்டி ஒண்ணுமாவாதுங்."

"ஆகட்டுமுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அதட்டினால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன்.

காபி கொண்டுவந்த அவருடைய சம்சாரம் மரகதம் அக்கா, டம்ளரை வாங்கும் சாக்கில் குனிந்து, "உனக்குத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சனே" என்று மெதுவாகச் சொன்னார். நான் காபி நன்றாக இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று.

பிப்ரவரி 2, புதன்

ஹரிப்பிரியாவை வீடு வீடாக அழைத்துப் போனேன். நல்ல பெண். திமிர் இல்லை. பாட்டிகள் கன்னத்தைத் தடவினால் ஒதுங்காமல் நிற்கிறாள். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும், எந்த வீட்டில் மருமகளை விட்டு மாமியாரிடம் முதலில் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள்.

நடு வழியில், "ஆன்ட்டி, இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்க. நீங்க ஏன் நிக்கல?" என்று கேட்டாள்.

எனக்கு வேலை அதிகம் என்றேன். நம்பிவிட்டாள்.

ஓட்டர் லிஸ்டில் பெயரை இங்கே மாற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். "மாமா எல்லாம் பாத்துட்டார் ஆன்ட்டி" என்றாள்.

பிப்ரவரி 4, வெள்ளி

மனுத் தாக்கலின் கடைசி நாள். காலை ஆறு மணிக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஓடியவள் இப்போதுதான் வந்தேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

ஒவ்வொரு வார்டிலும் கட்சி வேட்பாளர் ஒருவர், மாற்று வேட்பாளர் ஒருவர். மனுப் பரிசீலனையில் அசல் வேட்பாளரின் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் சின்னம் மாற்று வேட்பாளருக்குப் போகும். தள்ளுபடி ஆகாவிட்டால் மாற்று வேட்பாளர் வாபஸ் வாங்கிவிட வேண்டும். ஏழாவது வார்டுக்கு மாற்று வேட்பாளர் நான். வழக்கமாக நான்தான்.

போன தேர்தலில் ஐந்தாவது வார்டு மாற்று வேட்பாளர் ருக்குமணி, வாபஸ் வாங்க வேண்டிய நாளில் தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டாள். அவள் பெயர் அப்படியே தங்கி, அவளுடைய சொந்தக்காரர்கள் ஓட்டெல்லாம் அவளுக்கு விழுந்து, அந்த வார்டே கையைவிட்டுப் போனது. அதற்கப்புறம் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். மனுவில் கையெழுத்து வாங்கும்போதே வாபஸ் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், தேதி மட்டும் போடக்கூடாது. வேட்பாளர் எழுதிக் கொடுத்திருந்தால் முன்மொழிந்தவரே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. செயலாளர் அசந்துபோனார். "உங்க மூளைக்கு நீங்க வக்கீலாப் போயிருக்கோணுமுங்" என்றார். அந்தப் பாராட்டை இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்றைக்குப் பதினைந்து வார்டு மாற்று வேட்பாளர்களிடமும் அப்படியே வாங்கினேன். பதினைந்தில் ஒன்று என்னுடையது. என்னை முன்மொழிந்தவர் என் வீட்டுக்காரர்.

மரகதம் அக்காவும் ஏழாவது வார்டில் சுயேச்சையாக மனுப் போட்டிருக்கிறார். இது செயலாளரின் பழைய வழக்கம். சுயேச்சை ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால், ஓட்டுச்சாவடியில் கூடுதலாக ஒரு ஏஜென்ட் உட்கார வைக்கலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான்தான் அக்காவுக்குக் காட்டினேன். பேனா பிடித்துப் பல வருடம் ஆயிற்று என்றார்.

பிப்ரவரி 5, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மனுப் பரிசீலனை. ஏழாவது வார்டு வந்தபோது அதிகாரி ஹரிப்பிரியாவின் மனுவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் பெயர் இன்னும் கோயமுத்தூர் லிஸ்டில்தான் இருக்கிறதாம். மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள், மாறியதா என்று யாரும் பார்க்கவில்லை. இந்த ஊர் லிஸ்டில் பெயர் இல்லாதவர் இந்த ஊரில் நிற்க முடியாது. தள்ளுபடி.

செயலாளர் எழுந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். "சிந்தாமணி பழனியப்பன், ஏற்கப்பட்டது. கட்சிச் சின்னம் இவருக்கு."

என் பெயரை அப்படி முழுதாக ஒருவர் வாசித்துக் கேட்டது கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

வெளியே வந்ததும் மகளிரணிப் பெண்கள் என்னைத் தூக்காத குறை. செயலாளர் பக்கத்தில் வந்து, "செரிங், ரோசனை பண்ணலாமுங்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மருமகளின் மனு போன வருத்தம் இருக்கும்தானே.

வீட்டுக்காரருக்குச் சேதி முன்னாலேயே போய்விட்டது. பட்டறையிலிருந்து அப்படியே நூல் தூசியோடு வந்து நின்றார். "எடு அந்தப் பட்டுச்சீலைய" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

பிப்ரவரி 6, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வார்டுக்குள் இறங்கிவிட்டேன். முதல் வீட்டிலேயே சொதப்பல். "நம்ம வேட்பாளருக்கு ஓட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். "யாருங்க்கா வேட்பாளரு?" என்று அந்தப் பெண் கேட்டதும் கூட வந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்தொன்பது வருடம் வாயில் ஊறின பேச்சு. "எனக்கு" என்ற வார்த்தை எட்டாவது வீட்டில்தான் சரியாக வந்தது. பதினைந்தாவது வீட்டில் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

ஓடைக்கரைத் தெருவில் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். பெண்களுக்கென்று கட்டின கழிப்பிடம் நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர்க் குழாய் கொடுக்கவில்லை, அதனால் திறக்கவில்லை. விடியும் முன்னே ஓடைப்பக்கம் போனால்தான் உண்டு. பகலில் அடக்கிக்கொண்டு தறி ஓட்ட வேண்டும். கோமளா என்ற பெண் தறி ஓட்டுகிறவள், முப்பது வயதிருக்கும், இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற ஒண்ணும் வேண்டாமுங்க்கா. அந்தக் கதவத் தொறந்துவுட்டாப் போதும். ஓட்டு உங்களுக்குத்தான்" என்றாள்.

"நான் தொறந்து வுடறேன் கண்ணு" என்றேன். இதே தெருவில் எத்தனையோ வாக்குறுதி கொடுத்திருக்கிறேன். கட்சி செய்யும், வேட்பாளர் செய்வார் என்று. நான் செய்கிறேன் என்று சொன்னது இதுதான் முதல். சொன்னதும் அதைச் செய்தே ஆக வேண்டும் என்ற பயம் வந்துவிட்டது. நல்ல பயம்.

நாளை மூன்று மணியோடு வாபஸ் முடிகிறது. அந்தத் தேதி போடாத கடிதம் செயலாளர் வீட்டில்தான் இருக்கிறது. அதை வாங்கிவிட்டால் நிம்மதி என்று சாயங்காலம் போனேன். வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"அட, அதுங்களா? எந்தப் பைல்ல கெடக்குதோ. நாளைக்குத் தேடிக் கிழிச்சுப் போட்டர்றனுங்" என்றார் செயலாளர்.

இப்போதே தேடிக் கொடுங்கள் என்று கேட்க வந்தேன். கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். சரிங்க என்று வந்துவிட்டேன். வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பு மாதிரி ஒரு ஜோடி கிடந்தது. இந்த ஊரில் பாதிப் பேர் அந்தச் செருப்புத்தான் போடுகிறார்கள்.

கடிதத்தை முன்மொழிந்தவர் கொண்டுபோனால்தான் செல்லும். முன்மொழிந்தவர் என் வீட்டுக்காரர். அப்புறம் எனக்கு என்ன கவலை?

அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம். ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 7, திங்கள்

காலை. இன்றைக்கு வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். தறிக்கு யாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவதில்லை. நூல் தூசியும் எண்ணெயும் ஒட்டினால் போகாது. நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பு மாட்டினார்.

மதியம் ஒரு மணி. பிரசாரத்துக்குப் போகவில்லை. மாவு ஆட்டினேன். பேரூராட்சி அலுவலகம் பத்து நிமிட நடை. நான் வாபஸ் வாங்கவில்லை, என் பெயரில் யார் கடிதம் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள் என்று நானே போய் எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்யலாமா என்று தெரியாது, கேட்டாவது பார்க்கலாம். ஆனால் அது செயலாளர் காதுக்குப் போகும். கட்டின புருஷனையே நம்பாமல் அலுவலகத்துக்கு ஓடினாள் என்று ஊர் சொல்லும். அவர் காதுக்கும் போகும்.

இரண்டே கால். சேலை மாற்றிக்கொண்டேன்.

இரண்டு நாற்பது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம். அணைத்துத்தான் இருந்தது.

மூன்று மணி.

ஐந்து மணி. கோமளா ஓடி வந்தாள். மூச்சு வாங்க, "என்னுங்க்கா இது, லிஸ்ட்ல உங்க பேரு இல்லீங்களாமா" என்றாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எனக்குத் தெரியும் கண்ணு என்று சொல்லியிருக்கக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எப்ப இருந்து தெரியுமுங் என்று கேட்டாள். டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 8, செவ்வாய்

நேற்று அவர் வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலை அவராகத்தான் சொன்னார்.

"நான்தான் குடுத்தேன் சிந்தாமணி."

"தெரியும்."

"வூட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. தறிய வுட்டா எனக்கு என்ன வேல தெரியும்? உன்ற மகளிரணிப் பதவியும் புடுங்கிப் போடுவாங்களாம். அதாச்சும் உனக்கு மிஞ்சட்டும்னு குடுத்துப்போட்டேன்."

"என்னய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ. பொறவு நான் எப்படிக் குடுக்கறது?"

அழுதேன். அவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அழுதார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் என்னை ஒரு அடி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. திட்டலாம் என்று பார்த்தால் திட்டுவதற்கு எனக்கு ஆள் அமையவில்லை. அந்த யோசனையைச் சொன்னது யார்? நான். கையெழுத்துப் போட்டது யார்? நான். வாசல் வரை போய்த் திரும்பி வந்தது யார்? அதையும் இங்கே எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

ஆட்டிய மாவு பொங்கி வழிந்து கிடந்தது. துடைத்தேன்.

பிப்ரவரி 9, புதன்

தலைவலி. எங்கும் போகவில்லை.

பிப்ரவரி 10, வியாழன்

செயலாளரே வீடு தேடி வந்தார். பழம், பூ எல்லாம் கொண்டுவந்தார். பெரிய மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நானும் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். என் கையை நானே ஒரு தட்டு தட்டியிருக்கலாம்.

"கட்சி முடிவுங். மனசுல வெச்சுக்காதீங்க. ஏழாவது வார்டுல மரகதத்துக்கு நம்ம ஆதரவு. உங்க மேல தலைமைக்கு ரொம்ப மரியாதை இருக்குதுங். நீங்க வந்து நின்னாத்தான் பொம்பளைங்க ஓட்டுப் போடுவாங்க."

நான் நின்றால் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரிகிறதே, பின்னே எதற்கு என்னை எடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன். நிஜமாகக் கேட்கவில்லை. "காபி குடிக்கறீங்ளா" என்றுதான் கேட்டேன்.

போகும்போது அவரே சொன்னார்: "நீங்க ஜெயிச்சாத் தலைவர் பதவியும் கேப்பீங்கன்னு சில பேரு பேசிக்கிட்டாங்க. நான் அப்படி நெனைக்கலீங்."

நான் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 11, வெள்ளி

மரகதம் அக்காவைப் பார்க்கப் போனேன். கோபமாகத்தான் போனேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அக்கா சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் அழ ஆரம்பித்துவிட்டார். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சிந்தாமணி. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். எனக்குக் கூட்டத்துல நின்னாலே காலு நடுங்கும். கவுன்சிலருன்னா என்ன வேல செய்யோணும்? நீ சொல்லிக் குடுப்பியா?"

புளித் தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்துகொண்டிருந்தது. நான் துணி எடுத்துத் துடைத்துவிட்டேன். சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். என் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இந்த வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 14, திங்கள்

மரகதம் அக்காவின் சின்னம் அலமாரி. எட்டு நாளைக்கு முன்னால் கட்சிச் சின்னத்தைக் காட்டிய கையால் இன்றைக்கு அலமாரி நோட்டீஸ் கொடுத்தேன். "நம்ம வேட்பாளருக்கு" என்று வாயில் தடங்கல் இல்லாமல் வந்தது.

பெரும்பாலான வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று அவர்களே பேச்சை மாற்றினார்கள். அதுதான் அதிகம் வலித்தது. ஓடைக்கரைத் தெருவில் கோமளா மட்டும் நோட்டீஸை வாங்கவில்லை.

"அன்னிக்கு உங்களுக்குக் கேட்டீங்க. இன்னிக்கு அவியளுக்குக் கேக்கறீங்க. நாளைக்கு யாருக்குங் கேப்பீங்க?"

மரகதம் அக்கா என் பின்னால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாக்கு மாறாது கண்ணு, கழிப்பிடத்தை அக்காவிடம் சொல்லித் திறக்க வைக்கிறேன் என்றேன். அக்காவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நிஜமாகவே செய்ய வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார்.

பிப்ரவரி 19, சனி

ஓட்டுப் போட்டேன். அலமாரிக்குத்தான். வேறு யாருக்குப் போடுவது?

பிப்ரவரி 22, செவ்வாய்

மரகதம் அக்கா நானூற்று அறுபது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். போட்ட மாலைகள் எல்லாம் செயலாளர் கழுத்தில். அக்காவைக் காரை விட்டு இறங்கச் சொல்லவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்கள். நான் வேன் கணக்குப் பார்த்துப் பெண்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசியாக நடந்து வந்தேன்.

ஹரிப்பிரியா கோயமுத்தூரிலிருந்து போன் செய்தாள். "ஸாரி ஆன்ட்டி, எனக்கு வீட்ல எதுவுமே சொல்லல" என்றாள். அவளுக்கு எதற்கு ஸாரி? வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

மார்ச் 4, வெள்ளி

மரகதம் அக்கா பேரூராட்சித் தலைவர் ஆகிவிட்டார். மற்ற கவுன்சிலர்கள் எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். உடனே கூட்டமும் வைத்தார்கள்.

கழிப்பிடத்துக்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்துத் திறக்க வேண்டும் என்று நான் பெரிய எழுத்தில் எழுதி, அக்காவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டி, கையில் கொடுத்திருந்தேன். நேற்று வீட்டில் நன்றாகத்தான் வாசித்தார். கோமளாவையும் ஓடைக்கரைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தேன்.

நான் அக்காவோடு உள்ளே போகப் பார்த்தேன். அலுவலக உதவியாளர் கையை நீட்டி மறித்தார். "உறுப்பினர் இல்லாதவிய உள்ள வரக்கூடாதுங்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க." செயலாளரும் உறுப்பினர் இல்லைதான். அவருக்கு அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

நாங்கள் ஜன்னலோரமாக நின்றோம். அக்கா தாளைப் பிரித்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தேடித் தேடி ஜன்னலில் என்னைப் பார்த்தார். நான் வெளியிலிருந்து தலையை ஆட்டினேன், வாசியுங்கள் வாசியுங்கள் என்று. செயலாளர் சிரித்துக்கொண்டே அந்தத் தாளை அக்கா கையிலிருந்து வாங்கி, ஒரு பார்வை பார்த்து, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதெல்லாம் பொறவு பாக்கலாமுங்" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கோமளா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் 7, திங்கள்

நாளை மகளிர் தினம். கட்சி சார்பில் விழா. "பெண்கள் அரசியலுக்கு வர வேண்டும்" என்பது தலைப்பு. அறுபது பெண்கள் வேண்டுமாம். நானும் மேடையில் பேச வேண்டுமாம், மூன்று நிமிடம். என்ன பேச வேண்டும் என்று டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மாட்டேன் என்று சொல்லலாம் என்று பகல் முழுக்க நினைத்தேன். சொன்னால் வேறொருத்தி வாசிப்பாள். மகளிரணியும் போய்விடும். போய்விட்டால் நான் யார்? இந்த ஊரில் பழனியப்பன் சம்சாரம். அதுவும் நல்ல பெயர்தான். ஆனால் எனக்குப் போதவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார், "போறியா?" என்று. "அறுபது பேரு கேட்டிருக்காங்க, எம்பதாக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எதற்கு அந்த வீறாப்பு என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 8, செவ்வாய்

எண்பத்து மூன்று பேர் வந்தார்கள்.

மேடையில் கடைசி நாற்காலி எனக்கு. மரகதம் அக்கா நடுவில், வியர்த்து வடிந்துகொண்டு. செயலாளர்தான் அவர் சார்பில் தலைமையுரை ஆற்றினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். "தாய்மார்களே, தயங்காதீர்கள். அடுப்படியை விட்டு வெளியே வாருங்கள். உழைக்கிற பெண்களுக்கு நம் இயக்கத்தில் என்றைக்கும் இடம் உண்டு" என்று வாசித்தேன். கை தட்டினார்கள். என் குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்ததும் கோமளா மேடைக்கு நேராக வந்தாள். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், தலையெல்லாம் பஞ்சு.

"அக்கா, என்னையும் கட்சியில சேத்திவுடுங்."

"எதுக்கு கண்ணு?"

"அன்னிக்கு ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தனுங். வெளிய நின்னு எத்தன கத்துனாலும் ஆவாது. உள்ள போயி உக்காந்தாத்தான் ஆவும். இப்ப நீங்களே மேடையில சொன்னீங்கல்ல, உழைக்கறவங்களுக்கு இடம் உண்டுன்னு. நான் நல்லா உழைப்பனுங்க்கா."

செயலாளர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "பாத்தீங்ளா, உங்க பேச்சக் கேட்டே ஒரு புள்ள வந்துட்டுது" என்று எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அவள் ஓடைக்கரைக்குத் திரும்பிப் போவாள், அந்தக் கழிப்பிடம் அப்படியேதான் பூட்டிக் கிடக்கும். வா என்று சொன்னால் அவளுக்கு என்ன நடக்கும் என்பதை இந்த ஊரில் என்னை விட நன்றாகத் தெரிந்தவள் யாரும் இல்லை. இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் பொய் மாதிரி இருந்தது.

உறுப்பினர் படிவத்தை எடுத்தேன். அவளுக்கு எழுத வராது என்று நானே நிரப்பினேன். பெயர், வயது, வார்டு. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த தேர்தல்ல என்னய நிக்க வெப்பாங்களாங்க்கா?"

"வெப்பாங்க கண்ணு" என்றேன்.

அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.